சுழி

மேலக்கடம்பன்குளத்துக்கு நேரே
ஐந்து ஆண்டும் சுழிதான்.
பாம்புக்கடி: 0, 0, 0, 0, 0.
சுற்றியுள்ள ஊர்களில்
பதினொன்று, ஏழு, பதினாறு என்று
எண்கள் நெளிய
நடுவில் இந்த ஒரு ஊர் மட்டும்
கழுவிக் கவிழ்த்த தட்டு.

என் வேலை சமன்பாடு.
பாளையங்கோட்டையில் ஒரு மாடியறை,
தலைக்கு மேலே முனகும் மின்விசிறி.
நெல்வயல் பரப்பு, வாய்க்கால் நீளம், மழை,
வரப்புக்கு எத்தனை எலிவளை,
எல்லாம் போட்டுப் பார்த்தால்
அந்த ஊருக்கு ஆண்டுக்கு ஒன்பது வருகிறது.
என் கணக்குத் தப்பா,
இல்லை அந்த ஊர்ப் பாம்புகள்
ஊர்க்கட்டுப்பாட்டுக்கு அடங்கியவையா?

பொன்சீலி சிரிக்கவில்லை.
அவள் விலங்கியல்.
பிசான நடவுக்கு முந்தி மூன்று இரவு
அங்கே டார்ச்சோடு நடந்துவிட்டு வந்தவள்.
"கட்டுவிரியன் மட்டும் ஆறு.
உன் ஒன்பதே கம்மி" என்றாள்
கால் சேற்றைக் கழுவாமல்
என் காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்து.

அரசுத் திட்டங்களை ஆராய்கிற மன்சூர்தான்
பேருந்து நேர அட்டையைக் கொண்டுவந்தார்.
சேரன்மகாதேவிக்குக் கடைசி வண்டி ஆறு நாற்பது.
கட்டுவிரியன் வருவதோ
தரையில் பாய் விரித்து
எல்லோரும் உறங்கிய பிறகு.

போன ஆண்டுப் பதிவேட்டைப் பார்த்துத்தான்
இந்த ஆண்டு விஷமுறிவுக் குப்பி ஒதுக்குவார்கள்.
கணக்கு சுழி என்றால் குப்பியும் சுழி.
குப்பி இல்லாத சுகாதார நிலையத்துக்கு
யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்?
ஆகவே கணக்கு
மறுபடியும் சுழி.

ஒரு அம்புக்குறியை வளைத்து
அதன் வாலிலேயே கொண்டுபோய் முட்டவிட்டேன்.
தாமிரபரணியில் குளித்தவர்களுக்கு
இதற்குப் படம் வேண்டாம்.
மேலே சும்மா கிடக்கிற தண்ணீர்தான்
உள்ளே இழுக்கும்.

வீடுவீடாய்ப் போனோம்.
தேதி கேட்டால் யாரிடமும் தேதி இல்லை.
"கார் அறுப்புக்கு முந்தி.
கால்வாய அடைச்சிருந்தாவல்லா, அப்ப"
என்றாள் உலகம்மாள்,
பீடி இலை நறுக்கும் கத்தரி நிற்காமல்.
"வயித்து வலின்னுதான் சொன்னாவ.
கடிச்ச தடம் ஒண்ணும் தெரியல.
விடியக்காலம் இமையத் தூக்க முடியல அவாளுக்கு.
நான் ரெண்டு விரலால தொறந்து பிடிச்சேன்.
என்னயப் பாத்தாவ."

கத்தரி அப்போதுதான் நின்றது.

பொன்சீலி எழுதினாள்: இமைத் தளர்ச்சி, வலியில்லாக் கடி, கட்டுவிரியன்.
மன்சூர் இறப்புச் சான்றைக் கேட்டு வாங்கி
வெளிச்சத்தில் பிடித்து
"வயிற்றுக் கோளாறு" என்பதைப் படித்துவிட்டு
மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார்.
நான் எழுதவேண்டியது ஒரே ஒரு எண்.
1.
ஒரு கோடுதான். கை நகரவில்லை.

நான்கு நாளில் இருபத்துமூன்று ஒன்றுகள்.
என் சமன்பாடு சொன்னது நாற்பத்தைந்து.
மீதி மறந்தவையா, நடக்காதவையா?
நடக்காமலே இருந்திருக்கட்டும் என்று
முதன்முறையாக
என் கணக்குத் தப்பாகப் போக வேண்டிக்கொண்டேன்.

ஆட்சியர் அலுவலகத்தில் அந்த அதிகாரி
கெட்டவர் இல்லை.
காப்பி வரவழைத்தார். முழுக்கப் படித்தார்.
"பதிவேட்டுல இல்லாதத நான் எந்தத் தலைப்புல காட்ட?" என்றார்.
நியாயமான கேள்விதான்.
ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார்.
குப்பி என்றா, கோப்பு என்றா,
தலைகீழாய்ப் படிக்க எனக்கு வரவில்லை.

ராத்திரி அறைக்கு வந்து
அட்டவணையைத் திறந்தேன்.
ஐந்து சுழிகளையும் அழித்தேன்.
தெரியாது என்பதற்கு
தெரியாது என்றே ஒரு இடம் இருக்கட்டும் என்று
ஐந்து காலிக்கட்டம்.

சேமிக்கும்போது கணினி கேட்டது:
காலிக்கட்டங்களை 0 என்று கொள்ளலாமா?

இல்லை.

மறுபடியும் கேட்டது.